கிறிஸ்தவர்கள் யோகா செய்யலாமா? அடிக்கடி வரும் கேள்விகள்

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கிறிஸ்தவர் யோகா செய்தால் பாவமா?

சிக்கலே 'யோகா' என்ற சொல்லில்தான் இருக்கிறது. முதுகுவலிக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கும் புஜங்காசனமும் யோகாதான். குருவின் படத்துக்குப் பூ வைத்து, தீட்சை வாங்கி, காலையும் மாலையும் மந்திரம் ஜபிப்பதும் யோகாதான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்கிறவர் இரண்டில் ஒன்றைப் பார்த்ததே இல்லை என்று பொருள். எனவே நீங்கள் போகும் அந்த வகுப்பில் என்ன செய்கிறார்கள், என்ன சொல்கிறார்கள், யார் முன்னால், எதற்காக என்று கேளுங்கள். பதில் அதற்குள் இருக்கிறது.

இந்த வழியை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. கொரிந்து சபையில் விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சி பெரிய சண்டையாக இருந்தபோது பவுல் இப்படித்தான் பிரித்தார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம். நம்பிக்கை வேறான ஒருவர் வீட்டு விருந்தில் வைப்பதையும் சாப்பிடலாம். ஆனால் பக்கத்தில் இருப்பவர் 'இது படைத்தது' என்று சொல்லிவிட்டால் சாப்பிட வேண்டாம். கோயில் பந்தியில் போய் உட்காரவே கூடாது (1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்கள்). நான்கு இடத்திலும் அதே இறைச்சிதான்.

ஒவ்வொரு ஆசனமும் ஒரு தெய்வத்துக்குச் செய்யும் வணக்கம் என்று சபையில் சொல்கிறார்களே?

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொல்லும் யோகத்தின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. அதைப் பற்றி அவர் சொல்வது, அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான். ஒரு ஆசனத்தின் பெயரைக்கூட அவர் குறிப்பிடவில்லை. 15ஆம் நூற்றாண்டு நூலான ஹடயோகப் பிரதீபிகையில் விளக்கப்படும் ஆசனங்கள் 15. அவற்றில் பெரும்பாலானவை உட்கார்ந்து செய்பவை. இன்று வகுப்புகளில் பார்க்கும் நின்று, வளைந்து, தொடர்ச்சியாகச் செய்யும் முறையில் பெரும்பகுதி, 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் கற்பித்ததிலிருந்து அவருடைய மாணவர்களான பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். ஐயங்கார் வழியாக உலகெங்கும் போனது.

பெயர்களைப் பாருங்கள்: புஜங்கம் பாம்பு, சலபம் வெட்டுக்கிளி, தனுர் வில், ஹலம் கலப்பை, விருட்சம் மரம். நடராஜாசனம், வீரபத்ராசனம், ஹனுமானாசனம் என்று தெய்வப் பெயர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒற்றைக் காலில் நின்று மறு காலைப் பின்னால் பிடிப்பதாலேயே அது வழிபாடாகிவிடாது. புனித வெள்ளியன்று கத்தோலிக்கக் குருவானவர் பீடத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறார். அதே கிடை ராணுவப் பயிற்சியிலும் உண்டு. உடம்பின் நிலைக்குப் பொருள் தருவது, அது யார் முன்னால், எந்தச் சொல்லோடு செய்யப்படுகிறது என்பதுதான்.

அப்படியானால் சூரிய நமஸ்காரமும் சரிதானா?

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பெயரிலேயே நமஸ்காரம் இருக்கிறது. முறைப்படி செய்யும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் சூரியனின் ஒரு பெயர்: மித்ராய நம:, ரவயே நம:, சூர்யாய நம: என்று தொடங்கி பாஸ்கராய நம: வரை 12. நடுவில் வரும் அஷ்டாங்க நமஸ்காரத்தில் கால்விரல்கள் இரண்டு, முழங்கால் இரண்டு, உள்ளங்கை இரண்டு, மார்பு, முகவாய் என எட்டு இடங்கள் தரையைத் தொடுகின்றன. இது வணக்கமே என்று செய்கிறவர்களே சொல்லும்போது, 'வெறும் ஸ்ட்ரெச்சிங்' என்று நாம் திருத்துவது நன்றாயில்லை.

மந்திரத்தோடும் கிழக்கு நோக்கியும் செய்யும் வகுப்பாக இருந்தால் அந்தப் பகுதியில் மட்டும் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அந்த அசைவுகளின் பயன் வேண்டுமென்றால் அவற்றை வேறு வரிசையில் செய்யலாம்: குனிதல், ஒரு காலைப் பின்னால் நீட்டல், பலகை நிலை, முதுகை வளைத்தல், இடுப்பைத் தூக்கல். தசைக்கு வரிசை தெரியாது. ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: 2015இல் முதல் சர்வதேச யோகா தினத்துக்காக மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் வகுத்த பொது யோகா நெறிமுறையில் சூரிய நமஸ்காரம் இடம்பெறவில்லை.

'ஓம்' சொல்லலாமா? அது வெறும் அதிர்வுதான் என்கிறார் பயிற்சியாளர்.

பயிற்சியாளர் சமாதானத்துக்காகச் சொல்கிறார். பதஞ்சலியே பிரணவத்தை, அதாவது ஓம் என்பதை, ஈசுவரனைக் குறிக்கும் சொல் என்று வைத்து, அதை ஜபித்து அதன் பொருளை எண்ணச் சொல்கிறார். பொருளுள்ள சொல்லை வெறும் சத்தம் என்பது அந்த மரபுக்கும் மரியாதை அல்ல.

கிறிஸ்தவர்களுக்குள்ளும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950இல் மோன்ஷனென், அபிஷிக்தானந்தர் என்ற இரு பிரெஞ்சுத் துறவியர் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமத்தில் ஓம் வழிபாட்டுக்குள்ளேயே வந்தது. 1968இல் பொறுப்பேற்று 1993இல் மறையும்வரை அங்கிருந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் அதைத் தொடர்ந்தார். கடுமையாக எதிர்த்த கத்தோலிக்கரும் இருந்தார்கள். உங்கள் மனசாட்சி இடம் தராவிட்டால் மற்றவர்கள் சொல்லும்போது வாய்மூடி உட்கார்ந்திருங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. உடம்புக்கு அதில் கிடைப்பது நீண்ட வெளிமூச்சு. உதட்டை மூடி 'ம்ம்ம்' என்று 8 முதல் 10 விநாடி முனகினாலும் அதே வெளிமூச்சு கிடைக்கும்.

திருச்சபைகள் அதிகாரபூர்வமாக என்ன சொல்லியிருக்கின்றன?

ஒரே குரலில் எதுவும் சொல்லவில்லை. வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், அப்போது கர்தினாலாக இருந்த ராட்சிங்கர் (பின்னாளில் போப் 16ஆம் பெனடிக்ட்) கையொப்பத்துடன், 1989 அக்டோபர் 15 தேதியிட்ட கடிதத்தில் யோகாவையும், ஜென் என்ற பௌத்தத் தியான முறையையும், மகரிஷி மகேஷ் யோகி பரப்பிய ஆழ்நிலைத் தியானத்தையும் பெயர் சொல்லிப் பேசியது. கிறிஸ்தவம் அல்லாதது என்ற ஒரே காரணத்துக்காக இம்முறைகளைத் தள்ளிவிட வேண்டாம், பயனுள்ளதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கிறிஸ்தவ ஜெபத்தின் தன்மை மறையக் கூடாது என்பது அதன் நிலை. உடற்பயிற்சியால் வரும் அமைதியையும் இதமான உணர்வையும் பரிசுத்த ஆவி தரும் ஆறுதலாக எடுத்துக்கொள்வது முழுத் தவறு என்றும் எச்சரிக்கிறது. எங்களைக் கேட்டால், இந்தத் தலைப்பில் வந்தவற்றில் மிகக் கூர்மையான எச்சரிக்கை இதுதான். இரண்டு பக்கமும் இதைப் படிக்காமலேயே மேற்கோள் காட்டுகிறார்கள்.

கேரளத்தின் சீரோ மலபார் திருச்சபையின் கோட்பாட்டுக் குழு 2018இல் யோகாவும் கிறிஸ்தவ விசுவாசமும் ஒத்துப்போகாது என்றது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் ஆயர் மன்றம் 2020 ஜூனில் அதையே இன்னும் அழுத்திச் சொன்னது. அமெரிக்காவின் தென்திசை பாப்டிஸ்ட் இறையியலாளர் ஆல்பர்ட் மோலர் 2010இல் எதிர்த்து எழுதினார். தமிழ்நாட்டுப் பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் தடைதான். சிஎஸ்ஐ, லுத்தரன் சபைகளில் அது பெரும்பாலும் அந்தந்த ஆயரையும் குருவையும் பொறுத்தது.

தியானத்தில் மனதைக் காலியாக்கினால் பிசாசு குடிபுகும் என்கிறார்களே?

ஆதாரமாகக் காட்டுவது மத்தேயு 12: அசுத்த ஆவி விட்டுப்போன வீடு வெறுமையாகக் கிடக்க, அது இன்னும் ஏழு ஆவிகளோடு திரும்பி வருவது. அந்தப் பகுதி கண்மூடி ஐந்து நிமிடம் படுப்பதைப் பற்றியது அல்ல. தவிர, யோக மரபின் தாரணையும் தியானமும் மனதை வெற்றிடமாக்கச் சொல்லவில்லை. ஒன்றில் நிலைநிறுத்தச் சொல்கின்றன. கேட்க வேண்டியது, எதில் நிலைநிறுத்தச் சொல்கிறார்கள் என்று. மூச்சிலா? நெற்றி நடுவிலா? குருவின் உருவத்திலா? 'நானே அது' என்ற வாக்கியத்திலா? கடைசி இரண்டும் ஒரு கிறிஸ்தவர் சொல்லக்கூடியவை அல்ல.

மூச்சுப் பயிற்சியில் கை மரத்தது, தலை லேசாகி உடல் நடுங்கியது. ஏதாவது ஆவியா?

இதைக் கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். சிலர் குண்டலினி (உடம்புக்குள் உறங்குவதாக யோக மரபு சொல்லும் சக்தி) எழும்பிவிட்டது என்று மகிழ்கிறார்கள், சிலர் பிசாசு என்று பயப்படுகிறார்கள். அநேகமாக இரண்டும் இல்லை. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகளை வேகமாக, நீண்ட நேரம் செய்யும்போது உடம்பு தேவைக்கு மேல் கரியமில வாயுவை வெளியேற்றிவிடுகிறது. ரத்தத்தில் அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை மிதப்பது போலிருக்கும். ரத்தத்தின் அமிலத்தன்மை குறைவதால் கால்சியம் சமநிலை மாறி, உதட்டோரமும் விரல்நுனியும் குறுகுறுக்கும். அதிகமானால் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும். உடனே நிறுத்தி, உட்கார்ந்து, வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். சில நிமிடங்களில் சரியாகிவிடும். சரியாகாவிட்டாலோ நெஞ்சுவலி இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். (மணிக்கணக்கில் உரக்கக் கத்தி, வேகவேகமாக மூச்சுவிட்டு ஜெபிக்கும் கூட்டங்களிலும் இதே குறுகுறுப்பு வரும். காரணமும் இதேதான்.)

புதிதாகத் தொடங்குபவர் கபாலபாதியை விநாடிக்கு ஒன்றாக 20 முறை, பிறகு ஒரு நிமிடம் ஓய்வு, மொத்தம் 3 சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, குடலிறக்கம், அண்மையில் வயிற்று அறுவை, கர்ப்பம் இருந்தால் வேண்டாம். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலை கீழாக இருக்கும் எந்த நிலையையும் தவிர்க்க வேண்டும். சிரசாசனம் மட்டுமல்ல, இடுப்பைத் தூக்கித் தலையைத் தொங்கவிடும் பர்வதாசனமும் கண் அழுத்தத்தைக் கூட்டும்.

மூச்சோடு சேர்த்து ஜெபிப்பது கிறிஸ்தவ மரபில் உண்டா, அல்லது இரவல் சரக்கா?

உண்டு, பழையதும்கூட. கிரேக்கத்தின் ஆதோஸ் மலையில் வாழ்ந்த ஆர்த்தடாக்ஸ் துறவியர் 'இயேசு ஜெபம்' என்ற சிறு ஜெபத்தை (சொற்கள் கீழே செய்முறையில்) மூச்சோடு இணைத்துச் சொன்னார்கள். 14ஆம் நூற்றாண்டில் இதன்மேல் பெரிய விவாதமே எழுந்தது, கிரகோரி பலமாஸ் அவர்கள் பக்கம் நின்று வாதாடினார். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் மூன்றாவது ஜெப முறை, ஒரு மூச்சுக்கு ஒரு சொல் என்று கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்வது. 20ஆம் நூற்றாண்டில் இரவலும் நடந்தது: ஜான் மெயின் என்ற ஆங்கிலேயர் மலேயாவில், கோலாலம்பூர் சுத்த சமாஜத்தின் சுவாமி சத்தியானந்தாவிடம் ஒரே சொல்லை மனதுக்குள் சொல்லித் தியானிக்கக் கற்றார், பிறகு ஆசீர்வாதப்பர் சபைத் துறவியாகி, 'மாரநாதா' ('ஆண்டவரே வாரும்') என்ற சொல்லோடு அதைக் கிறிஸ்தவர்களுக்குக் கற்பித்தார்.

செய்முறை: முதுகு நிமிர்ந்து, நாற்காலியிலோ சம்மணமிட்டோ உட்காருங்கள். முழங்கால் வலித்தால் பிட்டத்தின் கீழ் மடித்த போர்வை ஒன்று. இடுப்பு முழங்காலைவிட உயர்ந்தால் முதுகு தானே நிமிரும். மூச்சை உள்ளே இழுக்கையில் 'ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே', வெளியே விடுகையில் 'பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்'. மூச்சை அடக்க வேண்டாம், நீட்டவும் வேண்டாம். சொல்தான் மூச்சுக்குப் பின்னால் போக வேண்டும். பத்து நிமிடம் போதும். இஞ்ஞாசியார் முறையில் தமிழில் ஒரு சின்ன இடைஞ்சல்: முதல் சொல்லே 'பரமண்டலங்களிலிருக்கிற'. அதை ஒரு வெளிமூச்சில் சொல்லி, அடுத்த மூச்சில் 'எங்கள்', அடுத்ததில் 'பிதாவே'. நீளச் சொல்லும் குட்டிச் சொல்லும் மாறி மாறி வந்தாலும் மூச்சு சீராக இருக்கட்டும். ஏறக்குறைய 40 சொற்கள். அவசரப்படாமல் போனால் நான்கைந்து நிமிடம் ஆகும்.

'வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்' என்ற வசனத்துக்கு இது விரோதமா என்றால், எண்ணிக்கைக்காகச் சொன்னால் விரோதம்தான். 1008 முறை சொன்னால் இன்னது கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கும்போது அது வேறொன்றாகிவிடுகிறது.

சிலை இல்லை, சாமி படம் இல்லை, மதமே இல்லை என்கிற அமைப்புகளில் சேரலாமா? உதாரணமாக மனவளக்கலை?

சிலை இல்லாததால் கோட்பாடு இல்லை என்று ஆகாது. வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த மனவளக்கலையில் எளியமுறை உடற்பயிற்சி, காயகல்பம், தவம், அகத்தாய்வு என்று பகுதிகள் உண்டு. கை, கால், மூச்சு, கண் என்று போகும் எளியமுறை உடற்பயிற்சியில் எந்தக் கிறிஸ்தவருக்கும் உறுத்த ஒன்றும் இல்லை. தவம் தீட்சையோடு தொடங்குகிறது. அதன் தத்துவத்தில் சுத்தவெளியே இறைநிலை, அதுவே பிரபஞ்சமாகவும் உயிராகவும் அறிவாகவும் ஆனது. படைத்தவர் வேறு, படைப்பு வேறு என்று நம்பும் ஒருவருக்கு இது வேறு பாதை. இது அந்த அமைப்பைக் குறைசொல்வதல்ல. அவர்களே ஒளிக்காமல் வகுப்பில் சொல்வது. முதல் பகுதியை எடுத்துக்கொண்டு தீட்சைக்கு முன் நின்றுகொள்ளலாம். பெரும்பாலான அமைப்புகளில் பிரியும் இடம் தீட்சைதான்.

வகுப்பில் சேருமுன் என்ன கேட்க வேண்டும்?

தொடக்கத்திலும் முடிவிலும் என்ன சொல்வீர்கள்? தீட்சை உண்டா, மந்திரம் ரகசியமா? அடுத்த நிலைக்குப் போக சத்சங்கம் கட்டாயமா? சக்கரம், குண்டலினி பாடத்தில் வருமா? நான் சில பகுதிகளில் கலந்துகொள்ளாமல் உட்கார்ந்தால் பரவாயில்லையா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

குத்துவிளக்கைப் பார்த்துப் பதற வேண்டாம். உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்கு நம் ஆலயங்களிலேயே நிற்கிறது. கைகூப்பி வணக்கம் சொல்வதும் அப்படியே. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 1993 முதல் பள்ளிகளில் இருந்த யோகா தடையை 2021இல் நீக்கியபோது 'நமஸ்தே' சொல்லக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியது. கைகூப்பியே ஜெபிக்கிற நமக்கு அது வேடிக்கையாகத் தெரியும்.

நீதிமன்றங்களும் வகுப்பின் உள்ளே எட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்திருக்கின்றன. நியூஜெர்சி பள்ளிகளில் ஆழ்நிலைத் தியானம் கற்பித்த வழக்கில், மாணவர்கள் பழமும் பூவும் கைக்குட்டையும் கொண்டுவர, குருவின் படத்தின் முன் பூஜை நடந்தது. 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது மதம் சார்ந்ததே என்றது. கலிஃபோர்னியாவின் என்சினிட்டாஸ் பள்ளிகளில் சமஸ்கிருதப் பெயர்களை எடுத்துவிட்டு, பத்மாசனத்துக்குக் குழந்தைகள் பேச்சில் ஒரு பெயர் வைத்து, எட்டு அங்கங்களின் படத்தையும் கழற்றியிருந்தார்கள். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வகுப்பு மதபோதனை அல்ல என்றது.

சர்வதேச யோகா தினமான ஜூன் 21 அன்று பள்ளியிலும் அலுவலகத்திலும் கட்டாயப்படுத்தினால்?

முன்கூட்டியே எழுத்தில், அமைதியாகச் சொல்லுங்கள்: 'உடற்பயிற்சியில் கலந்துகொள்கிறேன், சுலோகம், சூரிய நமஸ்காரம் வரும்போது அமைதியாக நிற்க அனுமதி வேண்டுகிறேன்.' அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிலையத்தில் சம்மதமின்றி, சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதமின்றி, மதபோதனையிலோ வழிபாட்டிலோ யாரையும் பங்கெடுக்க வைக்க முடியாது என்கிறது அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு. 1986இல் கேரள மாணவர் மூவர் வழக்கில், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று பாடாமல் இருந்ததற்காக அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுந்து நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் (2015இல் வந்தது, 2026இலும் அப்படியே) ஆராதனை நேரத்தைச் சொல்லி விலக்குக் கேட்கலாம்.

'கிறிஸ்தவ யோகா' என்று வசனம் சொல்லிச் செய்யும் வகுப்புகள் பற்றி?

எங்களுக்கு அதில் பெரிய உற்சாகம் இல்லை. ஆசனத்தின் பெயரை அழித்துவிட்டு அதன்மேல் சங்கீதத்தை ஒட்டுவது இரண்டு பக்கமும் அரைகுறை. யோகாவை அதன் வேரிலிருந்து பிடுங்காதீர்கள் என்று இந்துக்கள் பலர் சொல்வதிலும் நியாயம் உண்டு. உடம்புக்காகச் செய்கிறீர்கள் என்றால் உடற்பயிற்சி என்றே சொல்லுங்கள். ஜெபம் என்றால் மேலே சொன்ன பழைய முறைகள் இருக்கின்றன.

வகுப்பே வேண்டாம். வீட்டில் முதுகுக்கும் கழுத்துக்கும் 20 நிமிடம் என்ன செய்யலாம்?

சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து. நின்று கைகளை மேலே நீட்டி 5 மூச்சு. ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம் பக்கத்துக்கு 20 விநாடி. பாதத்தை முழங்கால் மூட்டின்மேல் அழுத்தாமல், அதற்கு மேலேயோ கீழேயோ வையுங்கள். கையும் முழங்காலும் ஊன்றி முதுகைக் குவித்தும் குழித்தும் 8 முறை. பிறகு புஜங்காசனம் 3 முறை, ஒவ்வொன்றும் 5 மூச்சு. பெரும்பாலோர் தவறுவது இதில்தான்: கையை ஊன்றித் தள்ளி எழும்புவார்கள், இடுப்பு தரையை விட்டு எழும், தோள் காதைத் தொடும், வளைவு முழுவதும் கீழ் முதுகில் வந்து விழும். மறுநாள் வலி அங்கேதான். கைகளைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள். அப்போது எவ்வளவு உயரம் நிற்கிறதோ அதுதான் உங்கள் அளவு. பிறகு குப்புறப் படுத்து ஒரு காலாகத் தூக்கும் அர்த்த சலபாசனம், குழந்தை போல் மடங்கும் பாலாசனம், மல்லாந்து கிடந்து முழங்காலை இரு பக்கமும் சாய்த்தல். சுவரில் கால் வைத்து 3 நிமிடம், சவாசனம் 5 நிமிடம். முதுகெலும்புத் தட்டு விலகல் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் குனியும் எதையும் அவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

ஏற்கெனவே தீட்சை வாங்கிவிட்டேன். இப்போது மனது உறுத்துகிறது. விட்டால் ஏதாவது கெடுதல் வருமா?

வராது. மந்திரம் ஜபிப்பதை நிறுத்திவிடலாம். அதற்குச் சடங்கு எதுவும் தேவையில்லை. கத்தோலிக்கர் என்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள். மற்றவர்கள் நம்பிக்கையான ஒரு மூத்த ஊழியரிடம் சொல்லி ஜெபிக்கலாம். 'பாதியில் விட்டால் குடும்பத்துக்கு ஆகாது' என்று பயமுறுத்தும் குருவிடமிருந்தும், 'நீ செய்ததற்குச் சாபம் இருக்கிறது, ஐந்து வாரம் விடுதலைக் கூட்டத்துக்கு வா' என்று பயமுறுத்தும் ஊழியரிடமிருந்தும் ஒரே தூரத்தில் இருங்கள். இடுப்புவலிக்குக் கற்ற ஆசனங்களைத் தாராளமாகத் தொடரலாம்.